ஏழாம் கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தவள்

இங்கிலாந்தில் நர்சுகள் மேல்படிப்பு எப்படிப் படிக்கிறார்கள் என்பதை நான் பேரணிக்கும் மயிலத்துக்கும் நடுவில் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவைப் பற்றி விக்கிரவாண்டி தாண்டிய பிறகு. வளைகுடா நாடுகளைப் பற்றி, ஒருநாள் ரயில் முண்டியம்பாக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டபோது. எல்லாம் சொன்னது ஒரே ஆள்தான். அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அங்கே ஆயா.

ஆஸ்பத்திரி திண்டிவனத்தில் இருந்தது. தனியார் ஆஸ்பத்திரி, இருபது கட்டில். எங்கள் இருவருக்கும் வீடு விழுப்புரம். எண்பதுகளின் நடுவில் அது. காலை பாசஞ்சரில் ஏறி சாயங்கால பாசஞ்சரில் திரும்புவோம். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது வரை படித்தவள். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் பின்னறையில் இருந்தேன். புது ஆளிடம் பேச எனக்கு வராது. டிக்கெட் ஜன்னலில் குனிந்து ‘திண்டிவனம்’ என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சீசன் டிக்கெட் எடுத்த பிறகுதான் நிம்மதியானேன்.

ஆஸ்பத்திரியில் இந்தக் குணம் எனக்கு நல்ல பேர் வாங்கித் தந்தது. “வாயில்லாத பொம்பள சார். சொன்ன வேலய செய்வா, கேள்வி கேக்க மாட்டா,” என்று தலைமை நர்ஸ் டாக்டரிடம் சொல்லித்தான் என் வேலை நிரந்தரமானது. தலைமை நர்ஸை நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம்.

மற்ற ஆயாக்கள் செய்ய மறுத்த வேலைகள் என்னிடம் வரும். அதில் ஒன்று நகை கழற்றுவது. எப்போதோ ஒரு பெண்ணின் உடல் வீட்டுக்குப் போனபோது ஒரு காதில் கம்மல் இல்லை என்று சொந்தக்காரர்கள் வந்து கண்ணாடிக் கதவை உடைத்தார்களாம். அதிலிருந்து பெரிய சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். டாக்டர் ‘இனி இல்லை’ என்று சொன்னதும், உயிர் போகிறவரை காத்திருக்காமல், ஆயா எல்லாவற்றையும் கழற்றித் துணியில் முடிந்து சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். தாலியை மட்டும் தொடமாட்டோம். “உயிர் போனப்பறம் வெரலு வீங்கிக்கும்டி. அப்ப இன்னா, கத்திரிக்கோல் வெச்சி வெட்டுவியா?” என்பார். என் கைக்கு அந்த வேலை பழகிவிட்டது. கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும்.

அந்த நர்ஸ் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். சென்னையில் நர்சிங் முடித்து, வளைகுடாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அங்கிருந்து இங்கிலாந்து போனவர். உயிருக்குப் போராடுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று அங்கே தனியாக ஒரு படிப்பு முடித்திருந்தார். விழுப்புரத்தில் அவர் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட, பார்க்க வந்தவரால் திரும்பப் போக முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

முதல் வாரமே அவருக்கு ‘லண்டன்’ என்று பேர் விழுந்தது.

“லண்டன், ஏழாம் நம்பருக்கு பெட்பேன் வையி,” என்பார் பெரிய சிஸ்டர். “நம்மளுது எவர்சில்வருதான். உனக்கு கை கூசலயே?”

மற்ற நர்சுகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வாயை மூடிக்கொண்டு.

டாக்டரும் விடவில்லை. ஒரு நோயாளி மூச்சு வாங்குவதை எண்ணி இவர் சொல்லப்போக, அந்த நோயாளி முன்னாலேயே, “நீ டாக்டரா நான் டாக்டரா?” என்றார்.

“நீங்கதான் சார். எண்ணறது மட்டும் என் வேல.”

அதற்காக ஒரு வாரம் அவர் ரவுண்ட்ஸில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. பல நாட்டு நர்சுப் படிப்புகளை ஒப்பிட்டு, எந்த நாட்டில் என்ன சொல்லித் தருகிறார்கள், நம் ஊரில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் நான் மேசை துடைக்கும்போது அந்த நோட்டின் மேல் டீ கிளாஸ் இருந்தது. வட்டமாகக் கறை. நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்துதான் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை என்பதால் என்னிடம் சொன்னார் என்று நினைக்கிறேன்.

“இங்கிலாந்துல நர்சிங் முடிச்சா மட்டும் போதாது. வார்டுல கொஞ்ச வருஷம் இருந்துட்டு, அப்பறம் இதுக்குன்னு தனியா ஆறு மாசம். கிளாஸ் ரூம் கொஞ்சந்தான். மீதி எல்லாம் கட்டில் பக்கத்துலயே. ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ்.”

“ஒருத்தருக்கு ஒருத்தரா?”

“ஆமா. டீ குடிக்கப் போனா கூட இன்னொருத்திய நிக்க வெச்சிட்டுத்தான் போவணும்.”

நான் எங்கள் இருபது கட்டிலை நினைத்துப் பார்த்தேன்.

“அமெரிக்கா வேற மாதிரி. என்கூட வளைகுடாவுல இருந்த மலையாளத்துப் பொண்ணு போயிருக்கா. அங்க யூனிவர்சிட்டிக்குப் போயி ரெண்டு வருஷம் படிக்கணும். ரத்தத்துல காத்து எவ்ளோ, உப்பு எவ்ளோன்னு நர்ஸே பாத்து, டாக்டர்கிட்ட மருந்த மாத்துங்கன்னு சொல்லுவாளாம்.”

“டாக்டரு திட்ட மாட்டாரா?”

“திட்டினா எதுக்குத் திட்றீங்கன்னு காரணம் கேப்பாளாம்.”

எங்கள் டாக்டரிடம் ஒருத்தி காரணம் கேட்பதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். “ஆனா அமெரிக்காகாரிங்களுக்கு கைப்பழக்கம் கம்மின்னு இங்கிலீஷ்காரிங்க கிண்டல் பண்ணுவாங்க. பதிலுக்கு அந்த மலையாளத்துப் பொண்ணு லெட்டர்ல எழுதறா, நீங்கல்லாம் கையாலதான் யோசிப்பீங்கன்னு.”

வளைகுடாவில் பாடமே இல்லையாம். “பெட்டி பிரிக்காத மெஷின் வரிசையா நிக்கும். சொல்லித் தர்றதுக்கு ஆள் கெடையாது. ஃபிலிப்பைன்ஸ்காரி ஒரு மாதிரி படிச்சிட்டு வந்திருப்பா, அயர்லாந்துக்காரி ஒரு மாதிரி, எகிப்துக்காரி ஒரு மாதிரி. தொண்டையில சளி இஸ்க்கறதுக்கே மூணு நாட்டுச் சண்ட. நோயாளி பாவம், ஷிப்டு மாறினா அவனுக்கு நாடு மாறும்.”

“நம்ம ஊர்ல சிஸ்டர்?”

“நம்ம ஊர்ல மேல படிச்சா கட்டில விட்டுப் போயிடுவாங்க. காலேஜ்ல பாடம் எடுப்பாங்க. கட்டில் பக்கத்துல நிக்கறவளுக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல. பக்கத்துல இருக்கறவளப் பாத்துக் கத்துக்கறா. அவ தப்பு பண்ணா இவளும் தப்பத்தான் கத்துக்குவா.”

ஒருநாள் அவர் சொன்னது இதுதான். இங்கிலாந்தில் படிப்பின் முதல் வாரத்திலேயே, டீச்சர் ஒவ்வொரு மாணவியையும் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணைக் கட்டி, கையைத் துணியால் சுற்றி, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். மற்ற மாணவிகள் இரண்டு மணி நேரம் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். “என்ன திருப்பிப் படுக்க வெச்சாங்க, தொடச்சாங்க, வாய்க்குள்ள குழாய் வெச்சாங்க. ஒருத்தி கூட என் பேரச் சொல்லி கூப்டல. நேத்து பாத்த சினிமாவப் பத்தி பேசிக்கினு இருந்தாங்க. நான் அழுதுட்டேன். அத யாரும் பாக்கல, கண்ணத்தான் கட்டியாச்சே. அதுக்கப்பறந்தான் டீச்சர் பாடத்த ஆரம்பிச்சாங்க.”

அந்த ஆவணி கடைசியில், ஒரு காலை எட்டரை மணிக்கு, பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். இருபது வயது இருக்கும். மல்லாட்டைக் குவியலுக்கு, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பேர், காவலாகக் களத்தில் தரையில் படுத்திருந்தாள். கடித்தது அவளுக்கே தெரியவில்லை. விடிந்ததும் வயிறு வலிக்கிறது என்றாள், அப்புறம் இமை தூக்க முடியவில்லை என்றாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கட்டுவிரியன். அதை அடித்து, உரப்பையில் போட்டு அவள் புருஷன் கொண்டு வந்திருந்தான். கூட மாமியாரும் நாத்தனாரும்.

ஏழாம் கட்டில் கொடுத்தார்கள். டாக்டர் விஷ முறிவு மருந்தை ஏற்றினார். பத்து மணிக்கு அவளால் கழுத்தை நிறுத்த முடியவில்லை. எச்சில் வழிந்தது. பதினொரு மணிக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் தொண்டையில் குழாய் இறக்கினார். ஆபரேஷன் தியேட்டரில் ஒரே ஒரு ஆம்பு பேக் இருந்தது, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ரப்பர் பை. எங்கள் நர்ஸ் ஓடிப்போய் அதைக் கொண்டு வந்து மாட்டி அழுத்த ஆரம்பித்தார்.

“பாண்டிச்சேரிக்கு அனுப்பிடலாம் சார். அங்க மெஷின் இருக்குது. வழியில நான் அழுத்திக்கினு போறேன்.”

“நீ போயிட்டா மீதி பத்தொம்பது பேர யாரு பாப்பா? உங்கப்பனா?”

பக்கவாதத்தில் கிடக்கும் மனிதரை அவர் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்கு டாக்டர் மறுபடி வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி விரிந்து அப்படியே நின்றது. மார்பைக் கிள்ளினார். அசைவில்லை. “அவ்ளோதான். மூள போயிடுச்சு. பைய எடுத்தா பத்து நிமிஷம்,” என்று புருஷனிடம் சொன்னார். மாமியார் தரையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டாள்.

“சார்,” என்றார் நர்ஸ். “கண்ணுமணிய சுருக்கறதும் ஒரு தசதான சார்? ஒடம்பு முழுக்க தச வேல செய்யல. அதுவும் செய்யல. மூள நல்லாத்தான் இருக்குது. அவளுக்கு இப்ப நாம பேசறது கேக்குது. அங்க நான் ஒரு கேஸ் பாத்தேன். நரம்பு வியாதி, கண்ண கூட தொறக்கல. எழுந்தப்பறம் யாரு யாரு இன்னா பேசினாங்கன்னு ஒண்ணு விடாம சொன்னாரு.”

“இங்கிலாந்துல கட்டுவிரியன் இருக்குதா?” என்று கேட்டார் டாக்டர்.

வார்டே சிரித்தது. ஆறாம் கட்டில்காரரும் சிரித்தார்.

“ரெண்டு நாள் சார். விஷம் எறங்கற வரைக்கும் மூச்ச மட்டும் நாம குடுத்தா போதும்.”

“கை வலிக்கிற வரைக்கும் அழுத்திக்கோ. நாளைக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு பை தியேட்டருக்கு வந்துடணும். எனக்கு ஆபரேஷன் இருக்குது.”

அதாவது மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் அந்தப் பெண் அசைந்தால் உயிரோடு இருப்பாள். இல்லாவிட்டால் பையைக் கழற்றிவிடுவார்கள். நர்ஸ் பையை இன்னொரு நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, புது மருந்து பாட்டில் எடுக்க ஸ்டோருக்கு ஓடினார்.

பெரிய சிஸ்டர் எனக்குக் கண் காட்டினார். “போடி, கழட்டு.”

நான் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். வளையல், கம்மல், மெட்டி எல்லாம் சுலபமாக வந்தன. மூக்குத்தியின் திருகாணி இறுகியிருந்தது. கல்யாணத்துக்குப் போட்டது, கழற்றியதே இல்லை போலிருக்கிறது. ஒரு விரலை மூக்குக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு திருகினேன். வரவில்லை. இன்னும் பலமாகத் திருகினேன். சதை கிழிந்து ரத்தம் வந்தது. அவளுடைய மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நான் நிறுத்தினேன்.

“இன்னாடி பாத்துக்கினு கீற? மருந்து ஏறினா கண்ணுல தண்ணி வரும். ஜல்தி,” என்றார் பெரிய சிஸ்டர்.

கழற்றி முடித்தேன்.

கால்மாட்டில் மாமியாரும் நாத்தனாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “இவ தங்கச்சி கீறா இல்ல, அவளயே கேட்டுடலாம். வெளியில போயி எதுக்கு தேடணும்?”

“இப்ப இன்னாத்துக்குமா அதெல்லாம்?” என்றான் புருஷன்.

“இப்பவே காதுல போட்டு வெக்கணும்டா. காரியம் முடிஞ்சி போச்சுன்னா அவ அண்ணனுங்க திரும்பிப் பாப்பானுங்களா?”

அவன் அவள் காலில் போர்வையை இழுத்துவிட்டான். பிறகு, “அது இன்னும் படிச்சிக்கினு இருக்குதே,” என்றான்.

நர்ஸ் திரும்பி வந்தார். என் கையிலிருந்த முடிச்சையும் அவள் மூக்கையும் பார்த்தார். மாமியார் வீட்டாரைப் பார்த்து, “அவளுக்கு கேக்குது. பேசறதுன்னா வெளியில போயி பேசுங்க,” என்றார்.

“கேட்டா பதிலு சொல்லட்டுமே,” என்றாள் நாத்தனார்.

நர்ஸ் குனிந்து அந்தக் காதுக்குப் பக்கத்தில் பேசினார். “அம்மா, நான் நர்ஸ். நீ ஆஸ்பத்திரியில இருக்கே. உன்னால அசைய முடியாது, அது விஷத்தால. சரியாப் போயிடும். மூச்ச நாங்க விடறோம், நீ பயப்படாத. இப்ப மணி ரெண்டு.”

அப்புறம் அந்த இன்னொரு நர்ஸிடமிருந்து பையை வாங்கி என் கையில் கொடுத்தார். ஊசி போடும் நேரம், அவர் மற்ற கட்டில்களுக்குப் போக வேண்டும். “ஒண்ணு ரெண்டு மூணு எண்ணு, அழுத்து, வுடு. அவசரப்படாத. பேசிக்கினே இரு. உன் பேரச் சொல்லு, மணியச் சொல்லு, இன்னா பண்றேன்னு சொல்லு. மறந்துடாத, இது பைய விட முக்கியம்.”

நான் தலையாட்டினேன்.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை நான் அழுத்தினேன். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. மனசுக்குள் எண்ணினேன். ஆனால் பேசவில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை குனிந்து ‘அம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து துணி மூட்டையோடு போன இன்னொரு ஆயா, “ஏ, இங்க பாருங்க, பொணத்துக்கு தாலாட்டு பாடப் போறா,” என்றாள். இரண்டு நர்சுகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நிமிர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் அந்த முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து அவள் நகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். “நெறம் நல்லாருக்குது. நல்லா பண்ணியிருக்கே. பேசினியா?”

தலையாட்டினேன்.

நான் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டேன். அவர் போகவில்லை. புருஷனுக்கும் அவன் சித்தப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் தூங்கி விழும்போதெல்லாம் தானே அழுத்தியிருக்கிறார். காலையில் நான் வந்தபோது அவருடைய விரல்கள் வீங்கியிருந்தன. கட்டைவிரலைச் சுற்றி கட்டுத்துணி. பெரிய சிஸ்டர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தியேட்டரிலிருந்து பையைக் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது.

பதினொன்றே காலுக்கு, மெட்டி இல்லாத கால்விரல் அசைந்தது.

நர்ஸ் “இன்னொரு தடவ அசை,” என்றார். அசைந்தது. டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் வந்து நின்றார். “அசை,” என்று நர்ஸ் சொன்னதும் அவர் கண் முன்னாலேயே அசைந்தது.

“ம். பை இங்கயே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வெளியே நின்ற ஊர்க்காரர்களிடம், தான் கொடுத்த மருந்து வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவளே மூச்சு விட்டாள். நான்காம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். தொண்டை கட்டி, காற்றுபோல ஒரு குரல் வந்தது. மாமியார் கேப்பைக் கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யத்த,” என்றாள் அவள். “என் தங்கச்சிய பொண்ணு கேட்டு எப்பப் போறீங்க?”

மாமியார் தம்ளரை வைக்க இடம் தேடினாள். அந்தப் பெண் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். “நீ சொன்னல்ல, படிச்சிக்கினு இருக்குதுன்னு. முடிய இன்னும் எத்தினி மாசம் ஆவும்? கேட்டு வெச்சிக்கினியா?”

அவன் வெளியே போய்விட்டான். மாமியார் நேராக டாக்டர் அறைக்குப் போனாள். மருமகளுக்குக் கேட்கிறது என்று யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லாமல் பேசவிட்டுக் குடும்பத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கத்தினாள். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

“வந்தவங்ககிட்ட எல்லாம் வாய் குடுக்கறது, என்கிட்ட வாதம் பண்றது. இதுதான் உனக்கு அங்க சொல்லித் தந்தாங்களா? மாசக் கடைசியோட நின்னுக்கோ.”

அவர் திரும்பி வந்து ஏழாம் கட்டிலில் உட்கார்ந்து நாடி பார்த்தார். நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“உங்க கொரல் வந்தா மட்டுந்தான் சிஸ்டர் நான் இருக்கேன்னு தெரியும். மணி ரெண்டுன்னு சொன்னீங்க. அப்பறம் கொரலே இல்ல. காத்து மட்டும் வந்துக்கினே இருந்துது. மூக்க கிழிச்சாளே, அதே கை, அந்த சோப்பு வாசனைய வெச்சி சொல்றேன். பேசவே இல்ல. தூரத்துல யாரோ பொணம்னு சொல்லி சிரிச்சாங்க. சரி, செத்துட்டேன், இது பொணத்துக்குப் பண்ற ஏதோ மொறன்னு நெனச்சிக்கினேன். மண்ணு எப்ப போடுவாங்கன்னு காத்துக்கினு கெடந்தேன்.”

நர்ஸ் என்னைப் பார்த்தார்.

அவளும் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு என் முகம் தெரியாது. என் குரலும் தெரியாது. “யாருக்கா அவ? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியலம்மா,” என்றேன். “அன்னிக்கி ஷிப்டு மாறிப் போச்சி.”

அன்று சாயங்காலம் ரயிலில் மயிலம் தாண்டும்வரை நர்ஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “நான் கேட்டப்ப தலையாட்டினே,” என்றார்.

“எனக்கு பேச வரல சிஸ்டர். எல்லாரும் சிரிச்சாங்க. நான் படிக்காதவ.”

“இதுக்கு இன்னா படிப்பு?” என்றார். பேரணியில் ரயில் நின்றபோது அவரே சொன்னார்: “இல்ல. படிப்புதான். யாருக்கும் தானா வராதுன்னுதான் அங்க கண்ணக் கட்டிப் படுக்க வெச்சி சொல்லித் தர்றாங்க. எனக்கும் அப்பிடித்தான் வந்துது.” ஆறுதலாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். “ஆனா அங்க இருந்தா உன்ன நான் பெயில் பண்ணியிருப்பேன். உன் கை நல்ல கை. உன்ன கட்டில் பக்கத்துல விடக் கூடாது. நாளைக்கு அவள கூப்ட்டுக்கினு போக அவ அண்ணனுங்க வர்றாங்க. அதுக்குள்ள போயி சொல்லிடு.”

விழுப்புரத்தில் இறங்கியதும் எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார். நான் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ‘அது நான்தாம்மா.’ மூன்று சொல்கூட இல்லை.

ஏழாம் கட்டிலுக்குப் போனேன். மாமியார் வீட்டார் யாரும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் காய்ந்த பொருக்கு. “வாங்கக்கா, உங்களத்தான் நெனச்சேன். கிளியனூர்ல இருந்து அண்ணனுங்க வர்றாங்க. இந்தத் தலையோட என்னப் பாத்தா அழுதுடுவாங்க. பின்னி வுடுங்களேன்.”

சீப்பை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஐந்து நாள் எச்சிலும் வியர்வையும் சேர்ந்து முடி கட்டிப் போயிருந்தது. கை நிறைய எண்ணெய் தொட்டு நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது.

“எங்க அத்தையக் கூட மன்னிச்சிடுவேங்க்கா,” என்றாள் அவள். “அது அப்பிடித்தான் பேசும். அந்தாளையும் வுட்டுடுவேன். அவளத்தான் முடியல. அந்தக் கையி வெளங்காமப் போவணும். அதுல புழு வெச்சி, சோறு அள்ளித் திங்க முடியாம அவ படுத்துக் கெடக்கணும். பக்கத்துல யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அதுதாங்க்கா நான் சாமிகிட்ட கேட்டுக்கினேன்.”

பெரிய சிஸ்டர் அடுத்த கட்டிலில் சார்ட் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிச் சிரித்தார். நர்ஸ் ஊசித் தட்டோடு வாசலில் நின்றார். நான் வாயைத் திறப்பேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எட்டாம் கட்டிலுக்குப் போனார்.

நான் மூன்றாகப் பிரித்துப் பின்னினேன்.

“அவ எங்கனா ஒங்க கண்ணுல பட்டா சொல்லுங்கக்கா,” என்றாள்.

“சொல்றேம்மா.”

அண்ணன்கள் வந்துவிட்டார்கள். அவள் எழுந்து, அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து, “உங்கள மறக்க மாட்டேங்க்கா, சிஸ்டருக்கு அப்பறம் நீங்கதான் எங்கிட்ட நல்லபடியா பேசினீங்க,” என்று என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.